கைபடாத நாற்று

"வெதை போட்டது யாரு கையிங்க? அத மட்டும் சொல்லிப்போடுங்க நாயுடு."

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து ஆறுச்சாமியின் குரல் சாப்பாட்டு மேசை முழுக்க நிறைந்தது. அழகிரிசாமி பிய்த்த தோசையை வாயில் வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே இல்லை.

"நட்டு ஒரு வாரங்கூட ஆகுலீங்க. தக்காளி நாத்து அத்தனையும் தலை தொங்கிப்போச்சு. வருசா வருசம் உங்க பண்ணையிலதான் எடுக்கறேன். ஒருக்காலாவது இப்படி ஆயிருக்குதுங்களா? அங்க வெதை போடறது அந்தப் புள்ளையான்னு எங்கூட்டுல கேக்கறாங்க. நானு கேக்கலீங்க. என்ற பொண்டாட்டி கேக்கறா."

பெண்டாட்டி கேட்பதாகச் சொல்லிவிட்டால் கேட்டவருக்குப் பாவம் சேராது என்பது நம்மூர் ஆண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பழைய ஏற்பாடு. ஆறுச்சாமி அன்னூர்ப் பக்கம் பெரிய தோட்டக்காரர். அவர் எங்கே நாற்று எடுக்கிறாரோ அங்கேதான் அந்தச் சுற்றுவட்டாரமே எடுக்கும்.

சட்னிக் கிண்ணத்தோடு அடுக்களை வாசலில் நின்ற பிரத்யுஷாவுக்கு எல்லாம் கேட்டது. 'அந்தப் புள்ளை' அவள்தான். அழகிரிசாமியின் மூத்த மருமகள். புருஷன் ரவிதேஜா கருமத்தம்பட்டி பைபாஸில் லாரி மோதி இறந்ததிலிருந்து அவளுக்கு ஊருக்குள் பெயரே இல்லை. அந்தப் புள்ளை, அந்தப் பாவம், அந்தக் கெரகம் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள்.

"விசாரிச்சுப் போட்டுக் கூப்படறேனுங்க" என்று அழகிரிசாமி போனை வைத்தார்.

விசாரிப்பதற்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மாமியார் வெங்கடலட்சுமி, கொழுந்தன் யஷ்வந்த், அவன் கட்டி வந்து ஆறு மாதங்கூட ஆகாத சாய்ப்ரியா, எல்லோரும் ஒரே சமயத்தில் பிரத்யுஷாவைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். அந்த வீட்டில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும். கோபம் முற்றினால் மட்டும் தமிழ் தனியாகப் பிரிந்து வரும்.

"சட்னிய வெச்சுப்போட்டு நீ போயி உண்ணு கண்ணு" என்றாள் வெங்கடலட்சுமி, சுத்தத் தமிழில்.

*

பண்ணை, வீட்டின் பின்னாலேயே இருந்தது. பொடக்காளிக் கதவைத் திறந்தால் பச்சை நிழல்வலை போட்ட நீளக் கூடாரங்கள். உள்ளே கறுப்புக் குழித்தட்டுகள். தட்டுக்குள் தென்னைநார்த் தூள், அதற்குள் ஒரு குழிக்கு ஒரு விதை. தக்காளி, கத்தரி, மிளகாய், காலிபிளவர். விவசாயி பாத்தி கட்டி நாற்று விட்ட காலமெல்லாம் போயிற்று. இப்போது போனில் சொன்னால் தோட்டத்து வாசலுக்கு டெம்போவில் நாற்று வந்து இறங்குகிறது. விதையின் விலை அப்படி. ஒரு விதை முளைக்காமல் போனால் வயிறு எரிகிற விலை. அதைப் பாத்தியில் அள்ளி வீச எவனுக்கும் தைரியம் இல்லை.

ரவிதேஜாவும் பிரத்யுஷாவும் கல்யாணமான புதிதில் இரண்டே பந்தலோடு ஆரம்பித்தது அந்தப் பண்ணை. அவன் வெளியே ஓடி ஆர்டர் பிடிப்பான். அவள் உள்ளே விதை போடுவாள். மருந்துச் சாயம் பூசிய விதை என்பதால் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் சிவந்தே இருக்கும். "என்ற பொண்டாட்டி மருதாணியே வெக்க வேண்டியதில்லை" என்று அவன் கேலி செய்வான். அவன் போனபிறகு அந்தச் சிவப்பையும் பார்த்துவிட்டு, தாலியறுத்தவளுக்கு விரலில் என்ன சிவப்பு என்று கேட்ட சொந்தபந்தத்து ஒறம்பரைக்காரிகள் உண்டு. அட, நீங்கள் வாங்கித் தின்கிற தக்காளியின் சிவப்பு அது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெங்கடலட்சுமி அப்போதே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவர்கள் வழக்கப்படி எந்தப் பட்டத்துக்கும் முதல் விதையைச் சுமங்கலிதான் ஊன்ற வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் அவளே மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து முதல் தட்டில் முதல் குழியில் ஒரு விதையை வைப்பாள். மீதி அத்தனை தட்டையும் பிரத்யுஷாவும் கூலிப் பெண்களும் குனிந்த முதுகு நிமிராமல் போடுவார்கள். முதல் விதைக்குச் சகுனம், மிச்சத்துக்கு முதுகுவலி. ஏற்பாடு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் பிரத்யுஷா போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கவனம் தப்பி ஒரே குழியில் இரண்டு விதை விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசம்மாள் அதைக் கவனித்துவிட்டாள். ராசம்மாள் காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவள். பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறாள்.

"போன்ல சொன்னதக் கேட்டேன் அம்மணி. இங்கவரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

"அந்தத் தட்டெல்லாம் நானு மட்டுமா போட்டேனுங்க்கா? பாதிக்கு மேல நீங்கதான போட்டீங்க?"

"நானுந்தான் போட்டேன். என்ற ஊட்டுக்காரரு செத்து இருவது வருசமாச்சு. என்னைய எவனாச்சும் கேட்டானா?" ராசம்மாள் சிரித்தாள். சிரிப்பில் ஒரு சந்தோஷமும் இல்லை. "இது கூலிக்கையி அம்மணி. கூலிக்கையிக்கு ராசியும் கெடையாது, தோசமும் கெடையாது. ஊட்டுக்காரியா இருந்தாத்தான் அதெல்லாம்."

இத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ராசம்மாளின் வெறுங்கழுத்தைத் தானும் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் பிரத்யுஷாவுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

*

நாற்று ஏன் வாடியது என்ற சங்கதி டெம்போ ஓட்டுகிற முகமது ரியாஸ் வாயிலிருந்து வந்தது. மேட்டுப்பாளையம் லோடு ஏற்ற வந்தவன், தட்டுகளை அடுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அன்னூர்க்காரரு உங்களையச் சொல்லிட்டுத் திரியறாரு. எனக்கு மனசு கேக்கலீங்க்கா. வெயில் ஏர்றதுக்குள்ள எறக்கிப்போடலாம்னுதான் அன்னிக்கு வெள்ளனவே போனேன். கேட்டுலயே நிறுத்திப்போட்டாங்க. கரிநாளாமா. நாத்து தோட்டத்துக்குள்ளயே வரக்கூடாதாமா. வண்டியோட வெளியில நிக்கட்டும்னுட்டாங்க. தார்ப்பாயவாவது கழட்டறேன்னு சொன்னேன். திருஷ்டி பட்டுரும், மூடியே இருக்கட்டும்ன்னாங்க. மறுநா நல்ல நேரம் பாத்து எறக்கறப்ப தட்டத் தூக்குனா ஆவி அடிக்குதுங்க்கா, இட்லிக் குண்டாவாட்ட."

"இத அவருகிட்டயே சொல்ல வேண்டியதுதானுங்க?"

"நானுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க. அந்த ரோட்டு லோடுலதான் என்ற குடும்பம் உண்ணுது. என்ற பேர இழுத்துராதீங்க்கா."

அவன் பெயரை இழுக்காமலே பிரத்யுஷா அன்று மத்தியானம் மாமனாரிடம் சொன்னாள். உள்ளுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் அவளுக்கு. குற்றம் தன் கையில் இல்லை என்று தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். பாவம், உண்மை தெரிந்தால் உலகம் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிற வயசுதான் அவளுக்கு.

அழகிரிசாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியாதுங்களா கண்ணு? அவரு கரிநாள்ல நாத்த உள்ள உடமாட்டாருன்னு இந்த ஏரியாவுக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா மாமா...?"

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? உங்க கரிநாளுதான் உங்க நாத்தக் கொன்னுபோட்டுதுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றயா? அப்புறம் அவரு இந்தத் திக்கே திரும்ப மாட்டாரு. அவரு திரும்பாட்டி ஒருத்தனும் வரமாட்டான். பண்ணைய மூடிப்போட்டு நான் போயி பவர்லூம்ல நூல் தார் சுத்தட்டுமா?"

வெங்கடலட்சுமி பக்கத்தில் வந்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுதது நிஜம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"எனக்கு மட்டும் ஆசையா கண்ணு? உன்றமேல பழி போனா ஒருத்தியோட போகுது. பண்ணைமேல போனா மொத்தக் குடும்பமும் போகுது. நீ கொஞ்சம் பொறுத்துக்கிட்டா ஆகாதா?"

ஒருத்தியோட போகுது. உண்மை தெரியாமல் பழி சொல்கிறவர்களை மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே அதைத் தூக்கித் தன் தலையில் வைக்கிறவர்களோடு எப்படி ஒரே வீட்டில் சோறு தின்பது என்று அந்த ஒருத்திக்குப் புரியவில்லை.

*

மெசின் வந்தது.

யஷ்வந்த்தான் தேடிப் பிடித்தான். எம்.பி.ஏ. படித்தவன், கெட்டவன் அல்ல, ஆனால் எதிலும் அதன் விளம்பரத்தை மட்டும் பார்க்கிறவன். காற்றை உறிஞ்சி ஊசி முனையில் விதையைப் பிடித்து, தட்டின் குழிகளில் வரிசை வரிசையாகப் போடும் மெசின். கூலிப் பெண்கள் பொழுதெல்லாம் போடுகிற தட்டை அது பல்லு விளக்குகிற நேரத்தில் போட்டுத் தள்ளியது.

"இனிமே எல்லாமே இப்படித்தானுங்க அண்ணி" என்றான் உற்சாகமாக. "வெதைக்கறதுக்கு மெசினு. தண்ணி எப்ப உடணும்னு சென்சாரு சொல்லும். மருந்தடிக்க டிரோனு. எலையப் போட்டோ புடிச்சா என்ன சீக்குன்னு போனே சொல்லிரும். கடைசில தோட்டத்துக்குள்ள மனுசனே போகவேண்டியதில்லீங்க."

பிரத்யுஷா மெசினுக்கு எதிரி இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓசூரில் ஒரு கண்காட்சியில் ரவிதேஜாவோடு நின்று இதே மாதிரி மெசினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள் அவள். "அடுத்த வருசம் வாங்கிரலாம்டி, உன்ற முதுகு தப்பிச்சுக்கும்" என்றான் அவன். இப்போது அந்த மெசின் வந்தே விட்டது, அவள் முதுகுக்காக அல்ல.

மெசின் வந்து இறங்குவதற்கு முன்பே பழைய போர்டு இறங்கியிருந்தது. 'ரவிதேஜா நாற்றுப் பண்ணை' என்று எழுதிய தகரத்தைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்கு மறைப்பாக வைத்தார்கள். புதுப் போர்டில் சாய்ப்ரியா பட்டுப்புடவையில் தலை நிறையப் பூவோடு கையில் நாற்றுத்தட்டை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே பெரிய எழுத்தில் 'சாய்ப்ரியா ஹைடெக் நர்சரி'. கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் 'கைபடாத நாற்று'.

"சுத்தம்கற அர்த்தத்துலதானுங்க அண்ணி போட்டிருக்குது. பாக்கெட் பாலுக்குப் போடறாங்கள்ல, அதாட்ட" என்று யஷ்வந்த் அவசரமாக விளக்கினான். யாரும் அவனிடம் விளக்கம் கேட்டிருக்கவில்லை.

கூலிப் பெண்களை இனி வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. தட்டுத் தூக்கிவைக்க ராசம்மாளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

சோதனை ஓட்டத்தில்தான் சிக்கல் தெரிந்தது. மெசின் எல்லாக் குழியிலும் விதை போடுவதில்லை. தட்டுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழிகள் காலியாகவே வந்தன. "அது அப்படித்தானுங்க. எந்த மெசினும் கொஞ்சம் உடத்தான் செய்யும். பக்கத்துல ஒரு ஆள் நின்னு கையில போட்டுக்கோணும்" என்று சொல்லிவிட்டு மெசின்காரர் கிளம்பிப் போனார்.

கையில் போட வேண்டும். போர்டிலோ கைபடாத நாற்று. குடும்பம் கூடி யோசித்தது. வழக்கம்போல வெங்கடலட்சுமிக்குத்தான் வழி கிடைத்தது. மெசினின் வாய்க்கு அடுத்தாற்போல நிழல்வலையில் ஒரு திரை கட்டுவது. தூசி வராமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளலாம். திரைக்குள்ளே பிரத்யுஷா உட்கார்ந்து காலிக் குழியை நிரப்பி மறுபக்கம் தள்ளிவிடுவது.

"பண்ணைய உட்டு உன்னையப் போகச் சொல்லுலியே கண்ணு" என்று அவள் பிரத்யுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ற வேலை உனக்கே இருக்குது. ஆளுங்க கண்ணுக்குத் தெரியாம இருந்துக்க, அவ்வளவுதான். இல்லீன்னா உங்கம்மா ஊட்டுக்குச் சத்திக்குப் போறயா? நீயே சொல்லு."

பிரத்யுஷா சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டாள். "அண்ணன் ஊட்டுல எத்தன நாளைக்கு இருப்ப அம்மணி? திரைதான, இருந்துட்டுப் போகுது. பல்லக் கடிச்சுக்க" என்றாள் அம்மா.

பிரத்யுஷா பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பண்ணையை விட்டால் அவளுக்கென்று வேறு எதுவும் மிச்சமில்லை. விதையும் தட்டும் இருக்கிற இடத்தில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தாள். சரி என்று தலையாட்டினாள்.

*

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. வாழைமரம் கட்டி, மாவிலை தொங்கவிட்டு, சுற்றுப்பட்டுத் தோட்டக்காரர்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் ஆறுச்சாமி வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். அவரைக் கூப்பிடப் போன அழகிரிசாமி, பழைய நாற்றுக்குப் பதிலாகப் புது நாற்றில் முதல் தட்டு அவருக்கே என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

பிரத்யுஷா எல்லோரும் வருவதற்கு முன்பே திரைக்குள் போய்விட்டாள். ஒரு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு கிண்ணம் விதை. அவ்வளவுதான் அவள் இடம். வலையின் கண்கள் வழியாக வெளியே நடப்பது பச்சையாகத் தெரிந்தது.

வெங்கடலட்சுமி மெசினுக்குச் சந்தனம் தடவி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். பூச்சரம் சாத்தினாள். நேற்று வந்த இரும்புக்குப் பொட்டும் பூவும் உண்டு, இந்தப் பண்ணையை உண்டாக்கியவளுக்கு இல்லை. பிரத்யுஷா தன்னை அறியாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாய்ப்ரியா வந்தாள். கல்யாணப் பட்டு, கை கொள்ளாத வளையல். பட்டனை அமுக்குவதற்கு முன்னால் திரைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். காலையில் அவள் அடுக்களையில் வந்து, "அக்கா, நான் என்ன பண்ணட்டுங்க்கா? முடியாதுன்னு சொன்னா அத்தை எங்கம்மாவக் கூப்பிட்டுப் பேசுவாங்க" என்று அழாக்குறையாகச் சொல்லியிருந்தாள். பிரத்யுஷா அவள் புடவை மடிப்பைச் சரிசெய்து அனுப்பியிருந்தாள்.

பட்டன் அமுங்கியது. மெசின் உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"பாத்துக்குங்க" என்று யஷ்வந்த் மைக்கில் கத்தினான். "எங்க நாத்துல மனுசக் கையே படாதுங்க. வெதையிலிருந்து உங்க தோட்டம் வரைக்கும்!"

"இதத்தான் நானு அப்பவே சொன்னேன்" என்று ஆறுச்சாமி பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். அவருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. "ராசியில்லாத கையி பூந்த எடம். மெசினு வந்ததும் தோசமெல்லாம் போச்சு பாருங்க. நாயுடு வெவரமானவரு. அந்தப் புள்ளைய அம்மா ஊட்டுக்குத் தாட்டி உட்டுட்டாராட்ட இருக்குது."

அழகிரிசாமி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

முதல் தட்டு திரைக்குள் வந்து நின்றது. பழுப்புத் தூளுக்கு நடுவில் சிவப்புச் சிவப்பாக விதைகள், நடுநடுவே காலிக் குழிகள். பிரத்யுஷா கிண்ணத்திலிருந்து ஒரு விதையை எடுத்தாள். காலிக் குழிக்கு மேல் கொண்டுபோனாள். மாமனாரின் அந்தச் சிரிப்பு வலைக்கண் வழியாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அவள் விதையைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டாள். தட்டை அப்படியே மறுபக்கம் தள்ளிவிட்டாள்.

அடுத்த தட்டையும் தள்ளினாள்.

"என்னுங்க இது?" ஆறுச்சாமி எழுந்து வந்து தட்டின் மேல் குனிந்தார். "இங்க காலி, இங்க காலி. பல்லுப் போன வாயாட்ட இருக்குது. இதா முதல் தட்டு?"

யஷ்வந்த் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குள் தலையை நீட்டினான். முகமெல்லாம் வேர்வை. "அண்ணி, என்னாச்சுங்க? போடுங்க, சீக்கிரம்."

"கைபடாத நாத்துன்னு போர்டுல போட்டிருக்குதுங்களே தம்பி" என்றாள் அவள் மெல்ல. "நானு எப்படிங்க கை வெக்கறது?"

அவன் விதைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். வெளியே போய்ச் சாய்ப்ரியாவைக் கூப்பிட்டான். சுமங்கலி, பட்டன் அமுக்கிய ராசிக்காரி. அவள் பட்டுப் புடவையை ஒதுக்கிக் குனிந்து விதையை எடுத்தாள். வேர்த்த விரலில் விதை கொத்தாக ஒட்டிக்கொண்டது. உதறினால் ஒரே குழியில் ஐந்தாறு விழுந்தது. வளையல் இடித்து இன்னொரு வரிசை கலைந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அழகிரிசாமிக்குப் பொறுக்கவில்லை. மானம் போகிற அவசரத்தில் பழக்கம்தான் வாயில் வந்தது.

"ஏய் ராசம்மா! அங்க என்ன பொம்மையாட்ட நிக்கற? வந்து இதப் போடு."

ராசம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அத்தனை நாற்காலிகளுக்கும் முன்னால் தரையில் குந்தினாள். விரல் கிண்ணத்துக்கும் குழிக்குமாகப் போய்ப் போய் வந்தது. ஒரு விதை கீழே விழவில்லை. வெங்கடலட்சுமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. ஆறுச்சாமி பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"அப்படிப் போடு! கையின்னா இது கையி" என்றார். பழைய ஞாபகமும் வந்துவிட்டது அவருக்கு. "ராசம்மா, உன்ற புருசன் ரங்கன் எங்க தோட்டத்துலதான பண்ணையத்துக்கு இருந்தான்? தங்கமான ஆளு. போயிச் சேந்துட்டான் பாவம், என்ன பண்றது. ம், இந்தக் கடைசி வரிசையும் போடு."

திரை விலகியது.

பிரத்யுஷா வெளியே வந்தாள். வாழைமரமும் மாவிலையும் பட்டுப்புடவையுமாக இருந்த அந்த இடத்தில் வெளிறிய காட்டன் சேலையும் வெறும் நெற்றியுமாக வந்து நின்றாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. வெங்கடலட்சுமியின் கையிலிருந்த குங்குமத் தட்டு சாய்ந்தது.

"உள்ள போ கண்ணு" என்றார் அழகிரிசாமி. சுத்தத் தமிழ்.

அவள் போகவில்லை. ராசம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அப்புறம் மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை. ஆனால் அந்த வீட்டில் எந்தப் பேச்சும்தான் பொடக்காளிவரை கேட்குமே, அன்றைக்குக் கடைசி நாற்காலிவரை கேட்டது.

"மாமா, இன்னைக்கிருந்து எனக்கும் கூலி போட்டுருங்க. ராசம்மாக்காவுக்கு என்ன போடறீங்களோ அதே போதுமுங்க. உங்கூட்டு மருமகளா இருந்தாத்தான என்ற கையிக்குத் தோசம்? கூலிக்காரியா இருந்தா இல்லீங்கள்ல?"

ஆறுச்சாமி முதல் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ராசம்மாள் நிரப்பிய தட்டு அது. அவர் ராசம்மாளின் கழுத்தைப் பார்த்தார், பிரத்யுஷாவின் நெற்றியைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பார்த்தார். வாங்கிக்கொள்வதா, கீழே வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. "நாயுடு, இதென்னுங்க இது?" என்று கேட்டார். நாயுடுவுக்கு அன்றைக்கு உண்மையாகவே காது கேட்கவில்லை போலிருக்கிறது.

மெசினுக்கு மட்டும் இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலிக் குழிகளோடு அவை வந்து வந்து நின்றன. சாய்ப்ரியா விதைக் கிண்ணத்தை எடுத்து, மாமியார் பக்கம் பார்க்காமல், இருவருக்கும் நடுவில் எட்டுகிற மாதிரி வைத்தாள்.

பிரத்யுஷா ஒரு விதையை எடுத்துக் காலிக் குழியில் போட்டாள். ஒரு குழிக்கு ஒரே விதை.

"சனிக்கெழம கூலி வாங்கறதுன்னா வாசல்ல வந்து நிக்கோணும் அம்மணி" என்றாள் ராசம்மாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊட்டுக்குள்ள உக்காந்துட்டு வாங்க முடியாது. ஊரே பாக்கும்."

"நிக்கறேனுங்க்கா" என்றாள் பிரத்யுஷா. அடுத்த தட்டை இருவரும் சேர்ந்து இழுத்து வைத்துக்கொண்டார்கள்.